எட்டரை மணிக் கடலும் பத்தே முக்கால் மணிக் கடலும்: ஒரு கரை டைவ் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

ஏழு மீட்டர் ஆழத்தில் தம்பி மனைவியின் பிசிடி தானாகக் காற்றடைக்கத் தொடங்கியது. பிசிடி என்பது, முதுகில் காற்று டேங்கோடு கடலுக்கடியில் நீந்தி டைவ் செய்பவர் மாட்டிக்கொள்ளும், காற்றுப்பை வைத்த ஜாக்கெட். பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் டேங்கிலிருந்து கொஞ்சம் காற்று பைக்குள் போகும், உடம்பு இலேசாகும். விரலை எடுத்தால் காற்று நின்றுவிட வேண்டும். அன்று நிற்கவில்லை. ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள். அதற்கும் மேலே டாக்சி படகுகள் ஓடும் வழி.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதைபதைப்போடு படிக்க வேண்டாம். ஆனால் ஏதும் ஆகாமல் போனதில் எங்கள் திட்டத்துக்கு எவ்வளவு பங்கு, அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஐந்து பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்குதான் இது. பினாங்கிலிருந்து டைவ் போகும் நம் ஆட்கள் இப்போது கூடி வருகிறார்கள். படகில் கூட்டிப் போய் இறக்கிவிடும் ஏற்பாட்டை விட்டு, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது உதவும்.

யார் யார்

நான் பதினொரு வருடமாக டைவ் செய்கிறேன். தம்பி அறுபது டைவ் முடித்தவன். தம்பி மனைவி போன வருடம்தான் லைசென்ஸ் எடுத்தாள். பதினான்கு டைவ், எல்லாமே படகிலிருந்து, எல்லாமே பயிற்றுநர் பக்கத்தில் இருக்க. தம்பியோடு பாயான் லெப்பாஸ் ஆலையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர். அப்புறம் பட்டர்வொர்த் மாமா. வயது 58, இளவயதில் கற்றவர், ஆறு வருடம் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்ப வருகிறார்.

கரை டைவ் என்று முடிவானதே மாமாவால்தான். அவருக்கு முழங்கால் வலி. முதுகில் டேங்கோடு ஆடுகிற படகின் ஏணியில் ஏறுவது அவருக்கு முடியாத காரியம். மணலில் நடந்து, இடுப்பளவு தண்ணீரில் காலில் ஃபின்ஸ் என்ற துடுப்பை மாட்டி, அப்படியே இறங்குவது முடியும். டைவுக்கான மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர்கள் இதை ஒரு சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. தண்ணீருக்கடியில் நடக்கும் மரணங்களில் இதயக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு.

இடம்

பினாங்கிலேயே இறங்கலாமே என்று கேட்பார்கள். பத்து பெரிங்கியில் முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள், பெரும்பாலான நாட்களில் உங்கள் பாதம் உங்களுக்கே தெரியாது. மலாக்கா நீரிணையின் அடியில் சேறு. ஆறுகள் கொண்டு வரும் வண்டல் அலையில் எழும்பி அப்படியே மிதக்கிறது. போதாததற்குப் பெட்டி ஜெல்லிமீன் வேறு. பக்கத்தில் நல்ல தண்ணீர் என்றால் கெடா கடலில் இருக்கும் பாயார் தீவு. அது கடல் பூங்கா, அழகான இடம், ஆனால் படகில் போய்ப் படகில் திரும்ப வேண்டும்.

அதனால் கிழக்குக் கரை, பெர்ஹெந்தியான் தீவுகள். பினாங்கிலிருந்து குவாலா பெசுட் வரை கார், அங்கிருந்து படகு. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் போக முடியும். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், தங்கும் இடங்களில் பெரும்பாலானவை மூடிவிடும். நாங்கள் போனது ஜூலையில்.

கரை டைவுக்கு இடம் பார்ப்பது படகு டைவுக்கு இடம் பார்ப்பது போல அல்ல. படகு டைவில் ‘கீழே என்ன இருக்கிறது’ என்று கேட்டால் போதும். கரை டைவில் முதல் கேள்வி ‘எங்கே ஏறி வருவோம்’ என்பது. இறங்கும்போது உடம்பில் தெம்பு இருக்கும், டேங்க் நிறையக் காற்று இருக்கும். ஏறும்போது இரண்டும் குறைந்திருக்கும், தண்ணீர் மட்டமும் மாறியிருக்கலாம். காலையில் மார்பளவு தண்ணீரில் நீந்திக் கடந்த பவளத் திட்டு, வற்றின பிறகு முழங்காலளவில் நிற்கும். அதன் மேல் நடந்தால் பவளமும் போச்சு, காலும் போச்சு.

இதில் பினாங்கு ஆட்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்தப் பழக்கத்தில் ‘காலையில் ஏற்றம் என்றால் சாயங்காலமும் ஏற்றம்’ என்று மனதுக்குள் ஒரு கடிகாரம் ஓடும். திரெங்கானு, கிளந்தான் கரையில் பல நாட்களில் ஒரு பெரிய ஏற்றம், ஒரு பெரிய வற்றுதான். நாங்கள் பினாங்கு அட்டவணையை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கத்து அட்டவணையை எடுத்து, நான்கு நாளுக்கும் கோடு போட்டு வைத்துக்கொண்டோம். இது நாங்கள் சரியாகச் செய்த வேலை.

மூன்று இடங்கள் பட்டியலில் இருந்தன. பெரிய தீவின் தெற்கே தெலுக் டாலாம்: மணல் மெதுவாகச் சரியும், மாமாவுக்கு நல்லது, ஆனால் கொஞ்சம் ஆழம் கிடைக்கவே வெகுதூரம் நீந்த வேண்டும். அதே தீவின் மேற்கில் தெலுக் பாவ்: கடற்புல் இருக்கிறது, பச்சை ஆமைகள் மேய வரும், அதனாலேயே மூக்குக்குழாயோடு நீந்துபவர்கள் கூட்டமும் அவர்களைக் கொண்டுவரும் படகுகளும் வரும். மூன்றாவது, நாங்கள் தங்கிய விரிகுடாவே. அறையிலிருந்து நாற்பது அடி நடந்தால் தண்ணீர். இரண்டு பவளத் திட்டுகளுக்கு நடுவே வீடு அளவு அகலத்தில் ஒரு மணல் பாதை, சரிந்து சரிந்து ஏழு மீட்டர் வரை போகும். வலது கோடியில் பாறை முனை, அங்கே பதினான்கு மீட்டர்.

தம்பிக்குப் பாறை முனைமேல்தான் கண். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் எங்கேயும் கரையேற முடியாது, பாறையில் நீள முள் கடல் முள்ளெலிகள் அடை அடையாக ஒட்டியிருந்தன. அந்தப் பக்கம் பெரிய கிளாத்தி மீன் கூடு கட்டியிருப்பதாகத் தீவின் வழிகாட்டியும் சொன்னார். டைட்டன் டிரிகர் என்பார்களே, அதுதான். முட்டையிடும் காலத்தில் அதன் எல்லை கூட்டுக்கு மேலே புனல்போல விரிந்துகொண்டே போகும். பயந்து மேலே போனால் அதன் எல்லைக்குள்ளேயே போகிறோம், பக்கவாட்டில்தான் நீந்தி விலக வேண்டும். புதிதாக வருபவளையும் ஆறு வருடம் கழித்து வருபவரையும் அங்கே கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. மணல் பாதை என்று முடிவு.

முதல் நாள் சாயங்காலம் வந்து இறங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் கரையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். நீரோட்டம் இல்லை, அலை இல்லை, ஒரே ஒரு படகு வந்தது. நோட்டில் ‘படகு குறைவு’ என்று எழுதினேன். அந்த வரியை இப்போதும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

சாமான்

மாஸ்க், ஃபின்ஸ், டைவ் கம்ப்யூட்டர் மூன்றும் எல்லாரிடமும் சொந்தமாக இருந்தன. இந்த மூன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். மாஸ்க் முகத்துக்கு முகம் மாறும். மாமாவுக்குப் பக்கத்துப் பார்வை மங்கல், அவர் மாஸ்க்கில் பவர் கண்ணாடி பதித்திருக்கிறார், இல்லையென்றால் காற்று எவ்வளவு மிச்சம் என்று முள்ளைப் பார்க்கவே முடியாது. கம்ப்யூட்டர் நம் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது என்று கணக்கு வைக்கிற கருவி. இன்று ஒருவர் கட்டியதை நாளை இன்னொருவர் கட்டினால் அது முந்தையவர் உடம்பின் கணக்கையே தொடரும்.

டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், பிசிடி, உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையான வெட்சூட் மூன்றும் வாடகை. நாங்கள் விசாரித்த தீவுக் கடைகளில் ஐந்து பேருக்கும் சரியான அளவு இருக்குமா என்று உறுதி கிடைக்கவில்லை. மாமா பெரிய உடம்பு, தம்பி மனைவி சின்ன உடம்பு. அதனால் பினாங்கிலேயே ஒரு கடையில் எடுத்தோம். டேங்கும், உடம்பு மிதந்துவிடாமல் இறங்கக் கட்டும் ஈயமும் மட்டும் தீவில். கனமான இந்த இரண்டையும் காரில் ஏற்ற வேண்டாம் என்பது நல்ல முடிவுதான். முதல் டைவில் தங்கள் வழிகாட்டி கூட வருவார் என்ற நிபந்தனையோடு டேங்க் கொடுத்தார்கள். அதுவும் நியாயம்.

பினாங்குக் கடையில் நான் பார்த்தவை இவை. ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் பல்லால் கடித்த கிழிசல் இருக்கிறதா, அதைக் கட்டியிருக்கும் பட்டை இறுக்கமா. டேங்கில் மாட்டாமல் வாயில் வைத்து உறிஞ்சினால் காற்று வரக் கூடாது. வந்தால் உள்ளே ரப்பர் எங்கேயோ விட்டிருக்கிறது, தண்ணீருக்கடியில் அந்த வழியாகத் தண்ணீர் வரும். அடுத்து டேங்கில் மாட்டித் திறந்து, அழுத்தமானியைப் பார்த்தபடியே நான்கு முறை ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். முள் நடுங்காமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் விழுந்து விழுந்து எழுந்தால் டேங்க் வால்வு முழுசாகத் திறக்கவில்லை, இல்லையென்றால் உள்ளே அடைப்பு. பிசிடியை முழுசாக ஊதிக் கால் மணி நேரம் தரையில் வைத்தேன், தளரவில்லை. பையின் காற்றை வடிக்கும் வால்வுகளின் கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்தேன். பைக்குக் காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை ஐந்து பிசிடியிலும் அழுத்தினேன். எல்லாம் வேலை செய்தது.

அழுத்தினேன் என்றால் ஒவ்வொன்றையும் ஒரு முறை. காய்ந்த நிலையில், குளிர்சாதன அறையில், மேசை மேல் வைத்து.

நண்பரின் அடுக்குமாடி நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்ப்பதாகத் திட்டம் இருந்தது. வியாழன் இரவு பேய்மழை, இடி. குளத்தை மூடிவிட்டார்கள். வெள்ளி விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். ‘சரி, தீவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னது நான்தான்.

அன்று நடந்தது

காலை எட்டரைக்கு முதல் டைவ். வழிகாட்டி வந்தார். ஐந்தரை மீட்டருக்கு மேல் இறங்கவில்லை. மாமா மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றிக் காட்டினார், ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தார், பழைய கை மறக்கவில்லை. தம்பி மனைவி கொஞ்சம் தடுமாறினாள், நல்லபடியாகவே முடித்தாள். அவள் பிசிடி பொத்தான் அப்போது ஒழுங்காகத்தான் இருந்தது.

அவள் ஆறு கிலோ ஈயம் கட்டியிருந்தாள். இது முக்கியம். இறங்கச் சிரமப்பட்டதால் கடைசியில் இரண்டு கிலோ சேர்த்து வந்த கணக்கு அது. சிரமப்பட்டதற்குக் காரணம் ஈயக் குறைவு அல்ல, பதற்றத்தில் நுரையீரல் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு அரைமூச்சாக விட்டதுதான். மூச்சு நிதானமானதும் அந்த இரண்டு கிலோ வீண்பாரம். வீண்பாரத்தை ஈடுகட்ட அடியில் அடிக்கடி காற்று ஏற்ற வேண்டும், அதாவது பொத்தானை அடிக்கடி தொட வேண்டும். சரியான ஈயம் கட்டினால் ஏழு மீட்டரில் ஒன்றிரண்டு தட்டோடு முடிந்துவிடும்.

ஒன்பதேகாலுக்குக் கரையேறினோம். சாமானை அப்படியே மணலில் சாய்த்து வைத்துவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போனோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு இரண்டாவது டைவ், வழிகாட்டி இல்லாமல். தம்பியும் நண்பரும் ஒரு ஜோடி. நான், தம்பி மனைவி, மாமா ஒரு குழு. மாமா கையில் கயிற்றோடு ஆரஞ்சு மிதவை, அது எங்கள் தலைக்கு மேல் மிதந்து வரும். காற்றுக் கணக்கு எளிது: 11.1 லிட்டர் டேங்க், 200 பார் அழுத்தம், ஆக ஏறக்குறைய 2,200 லிட்டர். 50 பார் தொடக் கூடாத கையிருப்பு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் ஏழு மீட்டரில் அழுத்தம் 1.7 பார் என்பதால் 34 லிட்டர் இழுப்பார். கையிருப்பைத் தொடாமலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் கரைக்குத் திரும்பும் தூரத்தையும் மாமாவின் காலையும் நினைத்து 110 பாரில் திரும்புவது என்று பேசிக்கொண்டோம்.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. பதினைந்து மீட்டர் தாராளமாகத் தெரிந்தது. மணலில் ஒரு சிறிய கோபி மீன் வளை வாசலில் காவல் நிற்க, அதன் பின்னால் குருட்டு இறால் ஒன்று புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளித் தள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. இறாலின் மீசை ஒன்று எப்போதும் மீனின் வாலைத் தொட்டபடி இருக்கும். மீன் வாலை ஆட்டினால் ஆபத்து என்று பொருள், இறால் உள்ளே ஓடிவிடும். நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி எனக்கு நான்கு மீட்டர் தள்ளி. கலங்கிய தண்ணீரில் என்றால் கை எட்டும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு நீந்துவோம். இங்கே எல்லாம் தெரிகிறதே என்று விட்டுவிட்டேன். தெரியும் தூரம் வேறு, எட்டும் தூரம் வேறு. நான்கு மீட்டரை நான் கடக்க எடுத்த நேரத்தில் அவள் கடல் மட்டத்துக்குப் போய்விட்டாள்.

அவள் வலது தோளில் இருந்த வடிவால்வுக் கயிற்றை இழுத்தாள், பார்த்தேன். காற்று வெளியேறியது. வெளியேறும் வேகத்துக்கு ஈடாக உள்ளேயும் வந்துகொண்டே இருந்தது. மேலே போகப் போக அழுத்தம் குறைந்து பைக்குள் இருக்கும் காற்று தானே விரியும், ஏழு மீட்டரில் ஒரு லிட்டராக இருந்தது மேலே 1.7 லிட்டர். அதனால் தொடங்கின ஏற்றம் வேகம் பிடிக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்ஃப்ளேட்டரில் செருகியிருக்கும் காற்றுக் குழாயின் வளையத்தைப் பின்னால் இழுத்துக் கழற்றுவது. வரத்து நின்றுவிடும், இருப்பதை வடித்துக்கொள்ளலாம். அது அவளுக்குத் தெரியும். பயிற்சியில் ஒரே ஒரு முறை செய்திருக்கிறாள்.

ஆனால் வாயை மூடவில்லை. ‘ஆ’ என்று சத்தம் போட்டுக்கொண்டே, மூச்சை விட்டுக்கொண்டே போனாள். அவளைக் காப்பாற்றியது அதுதான். ஏழு மீட்டரில் இருபது நிமிடம் இருந்தவருக்கு நைட்ரஜன் பெரிய பயம் இல்லை. பயம் நுரையீரல். மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் ஏறினாலே விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கலாம்.

மேலே டாக்சி படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. எட்டரை மணிக்கு வெறிச்சோடிக் கிடந்த அதே இடம், பத்து மணிக்குமேல் விருந்தாளிகளைப் பவளம் பார்க்கவும் ஆமை பார்க்கவும் ஏற்றிப்போகும் படகுகளின் குறுக்குவழி. படகோட்டி ஆரஞ்சு மிதவையைப் பார்த்து இன்ஜினைக் குறைத்திருக்கிறார். அவள் தலை வெளியே வந்தது மிதவையிலிருந்து பதினைந்து அடியில். அவர் அங்கேயே இன்ஜினை அணைத்துவிட்டார். அவருக்கு நாங்கள் நன்றி சொன்னோம், அது போதாது என்று எங்களுக்குத் தெரியும்.

நானும் மாமாவும் முறைப்படி ஏறி அவளைப் பிடித்தோம். குழாயைக் கழற்றினேன். ‘ஸ்ஸ்’ நின்றது. “அக்கா, விரலை எடுத்துட்டேன் அக்கா, நான் அழுத்தவே இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரியும்மா, தெரியும் என்றேன். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் டேங்க் வால்வைப் பிடித்துக் கரை வரை இழுத்துக்கொண்டே நீந்தினார்.

கரையில் நெஞ்சு வலி, இருமல், குரல் மாற்றம், கழுத்துத் தோலுக்கடியில் நறநறப்பு, கை கால் மரப்பு, பார்வைக் குழப்பம் ஒவ்வொன்றாகக் கேட்டோம், மணிக்கு ஒரு முறை இரவு வரை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே படகு, அப்புறம் ஜெர்த்தேயில் இருக்கும் பெசுட் மருத்துவமனை. திட்டத்தாளில் எழுதி வைத்திருந்த, டைவ் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை லுமுட் கடற்படைத் தளத்தில், தீபகற்பத்தின் மறுகரையில். அதைத் தாளில் எழுதும்போது தூரமாகத் தெரியவில்லை, அன்று மத்தியானம் தெரிந்தது.

ஏன் நடந்தது

பினாங்கு திரும்பியதும் அந்த பிசிடியை நடந்ததைச் சொல்லிக் கடையில் ஒப்படைத்தோம். எங்கள் கண் முன்னாலேயே இன்ஃப்ளேட்டரைப் பிரித்தார்கள். பொத்தானுக்குக் கீழே ஸ்பிரிங் சுற்றிலும் பழைய உப்பு, வெள்ளையாக, பல் காறைபோல இறுகிக் கிடந்தது. அதன் மேல் புதிதாக நாலைந்து மணல் துகள். கடைக்காரர் வாடகையைத் திருப்பிக் கொடுத்தார், அந்தப் பகுதியை மாற்றியும் விட்டார். பழைய உப்பு அவர்கள் பராமரிப்பில் விட்ட குறை. மணல் எங்களுடையது.

ஒன்பதேகாலிலிருந்து பத்தே முக்கால் வரை ஒன்றரை மணி நேரம் அந்தப் பொத்தான் மணலில், வெயிலில், நல்ல தண்ணீர் படாமல் கிடந்தது. ஏற்கெனவே குறுகியிருந்த இடத்தில் உப்பு காய்ந்து இறுகியது, மணல் போய் உட்கார்ந்தது. உள்ளே அமுங்கிய பொத்தான் திரும்பி வரவில்லை. படகு டைவில் சாமான் மணலைத் தொடாது. இது கரை டைவுக்கே உரிய தொல்லை, இதற்கென்று ஒரு தார்ப்பாயும் ஒரு வாளி நல்ல தண்ணீரும் கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எங்களுக்கு ஆழம் தெரியும், நீர்மட்டம் தெரியும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். நாங்கள் எதையும் பார்க்காமல் விடவில்லை. வேறு நேரத்தில் பார்த்தோம், அவ்வளவுதான். பொத்தானைக் காய்ந்த மேசையில் பார்த்தோம், உப்பும் மணலும் பட்ட பிறகு பார்க்கவில்லை. கடலை ஏழு மணிக்குப் பார்த்தோம், இறங்கியது பத்தே முக்காலுக்கு. முதல் டைவ் நன்றாகப் போனது எங்களை இன்னும் ஏமாற்றியது: எட்டரைக்குச் சரியாக இருந்த இடமும் சாமானும் எப்போதும் சரியாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டாவது டைவுக்கு முன்னால் ஜோடிகள் ஒருவரையொருவர் சோதித்தபோது தம்பி மனைவியின் பொத்தானை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ‘காலையில்தானே பார்த்தோம்’ என்ற நினைப்பு.

இடத்தேர்வில் ஒன்று சரியாக இருந்தது. தம்பி கேட்டபடி பாறை முனைக்குப் போயிருந்தால் இதே கோளாறு பதினான்கு மீட்டரிலிருந்து தூக்கியிருக்கும். தம்பியே அன்று இரவு அதைச் சொன்னான்.

மீதி நாட்களும் திரும்பும் வழியும்

அவள் மறுநாள் இறங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அவளாகவே கேட்டாள். தீவுக் கடையில் வேறு பிசிடி எடுத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று பொத்தானை இருபது முறை அழுத்தினாள், குழாயை ஐந்து முறை கழற்றி மாட்டினாள். ஈயம் நான்கு கிலோவாகக் குறைந்தது, அதுவே போதுமாக இருந்தது. காலை ஏழேகாலுக்கு, படகுகள் வருவதற்கு முன்னால், தெலுக் பாவில் இறங்கினோம். நான்கு மீட்டர் ஆழம். ஒரு பச்சை ஆமை கடற்புல்லைக் கத்தரித்துக் கத்தரித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு கடிக்கும் சின்னதாக ஒரு மண்புகை எழும்பும். முதுகில் இரண்டு ஒட்டுமீன்கள். எங்களைப் பார்த்தது, பொருட்படுத்தவில்லை. எட்டு நிமிடம் கழித்து மூச்செடுக்க மேலே போயிற்று, திரும்ப அதே இடத்துக்கு வந்து இறங்கியது. தம்பி மனைவி இந்த முறை என் கை எட்டும் தூரத்தில்.

மாமாவுக்கு அன்று சாயங்காலமே கிளம்ப வேண்டும், மறுநாள் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண வீடு. நான் மறுத்தேன். பெசுட்டிலிருந்து பினாங்குக்கு ஜெலி, கிரிக் வழியாகப் போகும் நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கிறது, உச்சியில் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். விமானம் ஏறுவதற்கு முன் காத்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. காரில் மலை ஏறுவதும் உடம்புக்கு அதே கதைதான்: மேலே காற்றழுத்தம் குறையக் குறைய, உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குமிழியாகலாம். டைவ் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டுதல் சுமார் 610 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம். பினாங்கிலிருந்து போகும் ஒவ்வொருவரும் இந்தச் சாலையில்தான் திரும்புகிறோம், ஆனால் இதைப் பேசி நான் கேட்டதே இல்லை. கோலாலம்பூர்க்காரர்கள் கிழக்குக் கரையில் டைவ் முடித்த கையோடு கெந்திங்கில் ஒரு இரவு தங்கலாம் என்று திட்டம் போடுவதைக் கேட்டிருக்கிறேன். அது 1,800 மீட்டர்.

மாமா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சரிம்மா, மொய்ய அனுப்பிச்சுக்கலாம்” என்றார். மறுநாள் காலைப் படகில் கிளம்பினோம். மலை ஏறும்போது கடைசி டைவ் முடிந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது சாமானைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்னதாக எடுக்கிறோம். குளத்தில் இறங்காமல் கிளம்புவதில்லை, மழை பெய்தால் பயணம் ஒரு நாள் தள்ளும். குளத்தில் கட்டும் ஈயத்தை நம்பிக் கடலில் இறங்க முடியாது. கடல் நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி, ஆளும் சாமானும் சேர்ந்து நூறு கிலோ என்றால் கடலில் இரண்டரைக் கிலோ கூட வேண்டும். காலியாகக் காலியாக அலுமினிய டேங்க் இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் பொத்தானையும் குழாயையும் பார்க்கக் குளமே போதும்.

போன மாதம் அதே அடுக்குமாடிக் குளத்தில், தம்பி மனைவி கண்ணை மூடி முழங்காலில் உட்கார்ந்திருக்க, நான் சொல்லாமல் கொள்ளாமல் அவள் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். இடது கை தானாகப் போய் வளையத்தை இழுத்தது. மாமா கரையில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை வெளியே நீட்டியதும் மூன்று விரலைக் காட்டினார். “மூணு செகண்டும்மா. இன்னொரு தடவ பண்ணு.”